வீடு திரும்பும் பெண்ணுக்கு நம் மஹல்லாவில் இடம் உண்டா?

 

கடந்த ஜூலையில் கடலோர ஊர் ஒன்றில் ஸ்ரெப்ரெனிகா நினைவுக் கூட்டம் நடைபெற்றது. 1995 ஜூலையில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொஸ்னிய முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் சில நாட்களுக்குள் கொன்று புதைக்கப்பட்ட ஊர் அது. ஜூலை 11-ஐ அந்த இன அழிப்பின் நினைவு நாளாக ஐ.நா. பொதுச்சபை 2024 மே மாதம் அறிவித்த செய்தியை நம் வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினேன். பொஸ்னியச் சகோதரிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொன்னபோது, 'நம் சகோதரிகளின் மானம் சூறையாடப்பட்டதே!' என்று குரலை உயர்த்தினேன். கூட்டம் தக்பீர் முழங்கியது. பெண்கள் பகுதியில் விசும்பல் கேட்டது. பேச்சு நன்றாக அமைந்துவிட்டது என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக!

பிறகு கேள்வி பதில். திரைக்கு அப்பாலிருந்து வந்த துண்டுச் சீட்டுகளில் ஒன்று, பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாள். அதில் ஒரே ஒரு கேள்வி: 'ஹஜ்ரத், அப்படிப் பாதிக்கப்பட்ட ஒரு பெண் உயிரோடு வீடு திரும்பினால், அவளை உங்கள் மகனுக்கு நிக்காஹ் செய்து வைப்பீர்களா?'

படித்தேன். மடித்தேன். மற்ற சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டு, வழக்கம்போல நகைக்கு ஆண்டுதோறும் ஜகாத் உண்டா என்ற கேள்விக்கு இருபது நிமிடம் பதில் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது என்று துஆ ஓதிக் கூட்டத்தை முடித்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

ஊர் திரும்பும் பேருந்தில் அந்தச் சீட்டு என் ஜிப்பா பையில் கனத்துக்கொண்டே வந்தது. அந்தச் சகோதரிக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பொஸ்னியப் போர் நடந்த 1992 முதல் 1995 வரையிலான காலத்தில் நான் மக்தப் சிறுவன். எங்கள் பள்ளிவாசலில் ஃபஜ்ருத் தொழுகையில் இமாம் கைகளை உயர்த்தி பொஸ்னிய மக்களுக்காக துஆ கேட்பார். பின்னால் நின்று ஆமீன் சொன்ன எனக்கு பொஸ்னியா எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. ஜும்ஆ முடிந்ததும் வாசலில் துண்டு விரித்து வசூல் செய்வார்கள். நோன்புப் பெருநாளுக்குக் கிடைத்த காசை அதில் போட்டது நினைவிருக்கிறது. இந்தச் சமுதாயம் பொஸ்னியாவுக்காக அழுதது உண்மை. அந்தக் கண்ணீரை நான் குறை சொல்லவில்லை. ஆனால், எதற்காக அழுதோம்?

ஃபோச்சா என்ற ஊரை எடுத்துக்கொள்வோம். ட்ரீனா நதிக்கரையில் உள்ள ஊர். 1991-ல் அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். அதில் பாதிக்குச் சற்று மேல் முஸ்லிம்கள். 1992 ஏப்ரலில் செர்பியப் படைகள் ஊரைப் பிடித்தன. ஆண்களைப் பிரித்துச் சிறையில் அடைத்தார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் ஊருக்கு வெளியே தொழிலாளர் குடியிருப்பிலும், பிறகு உயர்நிலைப் பள்ளியிலும், அடுத்துப் பார்டிசான் என்ற விளையாட்டு அரங்கிலும் அடைத்தார்கள். அந்த அரங்கு காட்டுக்குள் இருக்கவில்லை! நகராட்சிக் கட்டடத்துக்கும் காவல் நிலையத்துக்கும் அருகிலேயே இருந்தது. வாசலில் காவல் நின்றது. சிப்பாய்கள் இரவில் வந்து, விரும்பிய பெண்களைப் பெயர் சொல்லி அழைத்துப் போனார்கள். விடிந்ததும் கொண்டுவந்து விட்டார்கள். சிலரைக் கொண்டுவந்து விடவே இல்லை. மாதக்கணக்கில் வீடுகளில் அடைத்து வைத்து அடிமைகளாக நடத்தினார்கள். ஒருவன் இரண்டு பெண்களை ஆளுக்கு 500 ஜெர்மன் மார்க்குக்கு விற்றான். அதே ஆள் 12 வயதுச் சிறுமி ஒருத்தியை 200 மார்க்குக்கு விற்றான். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைக் கண்டவர் இல்லை.

இவை மேடைக்காகச் சேர்த்த மிகைகள் அல்ல. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1993-ல் ஹேக் நகரில் அமைத்த போர்க்குற்ற நீதிமன்றம், 2001 பிப்ரவரி 22-ல் தீர்ப்பாக எழுதி வைத்தவை. குனாராச் என்பவனுக்கு 28 ஆண்டு, கோவாச் என்பவனுக்கு 20 ஆண்டு, வுகோவிச் என்பவனுக்கு 12 ஆண்டு. மேல்முறையீட்டிலும் 2002-ல் தண்டனை உறுதியானது. பெண்களை அடைத்து வைத்து இப்படிப் பயன்படுத்தியது மனித குலத்துக்கே எதிரான குற்றம், அடிமைப்படுத்திய குற்றம் என்று தீர்ப்பு சொன்னது. அதைச் சொல்ல வைத்தவர்கள் யார்? அந்தப் பெண்களே! பெயருக்குப் பதில் எண் தாங்கி, தங்களைச் சீரழித்தவர்கள் உட்கார்ந்திருந்த அதே அறையில் வந்து சாட்சி சொன்னார்கள். பொஸ்னியா முழுவதும் இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்கள் 20 ஆயிரம் என்றும் 50 ஆயிரம் என்றும் கணிப்புகள் உண்டு. நீதிமன்றம் வரை வந்தவர்கள் மிகச் சிலரே.

அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கிய ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். இனி நீ சுமக்கப் போவது செர்பியக் குழந்தையை என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. சிந்தியுங்கள் சகோதரர்களே! வெறும் காமவெறி என்றால் அவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு? அவன் அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசவில்லை. அவளுடைய கணவனிடம், தகப்பனிடம், சகோதரனிடம் பேசுகிறான். 'இவளை உயிரோடு அனுப்புகிறேன். முடிந்தால் வீட்டில் சேர்த்துக்கொள் பார்க்கலாம்' என்கிறான்.

நாம் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்பது அவனுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் இந்த ஆயுதத்தை எடுக்கிறான். குண்டு பட்டவனை ஷஹீத் என்று தோளில் சுமக்கிறோம். கால் இழந்து வந்தவனை முஜாஹித் என்று கட்டித் தழுவுகிறோம். அதே போரில், அதே எதிரியின் கையால் காயம்பட்டு வந்த பெண்ணைப் பார்த்தால் மட்டும் கதவைச் சாத்துகிறோம், அல்லது 'வெளியே சொல்லாதே' என்று வாயை அடைக்கிறோம். எதிரி ஆரம்பித்து வைத்த வேலையை முடித்துக் கொடுப்பது யார்?

இந்த இடத்தில் நாம் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த ஒரு சொல்லையும் பார்க்க வேண்டும். கற்பழிப்பு! இந்த ஏடும் அதைத்தான் எழுதியது. என் பயான்களிலும் அதுதான். ஒருவன் வீடு புகுந்து திருடினால் வீட்டுக்காரரின் நேர்மை அழிந்தது என்று யாராவது சொல்வோமா? கற்பு அவளுடைய உள்ளத்திலும் நிய்யத்திலும் இருப்பது. வெளியிலிருந்து ஒருவன் வந்து அதை எப்படி அழிக்க முடியும்? அழிந்தது அவனுடைய மனிதத்தன்மை. 'மானம் போயிற்று' என்று நான் அந்த மேடையில் முழங்கியபோது, பெண்கள் பகுதியில் அப்படி ஒரு துயரத்தை மனதுக்குள் புதைத்துக்கொண்டு ஒரு சகோதரி உட்கார்ந்திருந்தால், அவள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? எந்தப் போரும் நடக்காத ஊரிலும் அப்படி ஒருத்தி இருக்கக்கூடும் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நம் மார்க்கம் இதில் மௌனமாக இருக்கிறதா? இல்லவே இல்லை. அந்நூர் அத்தியாயத்தின் 33-வது வசனத்தை எடுத்துப் பாருங்கள். தங்கள் ஆதிக்கத்தில் இருக்கும் பெண்களை யாரும் விபச்சாரத்துக்கு நிர்ப்பந்திக்கக் கூடாது என்று தடுக்கும் இறைவன், அப்படி நிர்ப்பந்திக்கப்பட்டால் அதன் பிறகு தான் மன்னிப்பவன், கருணையுடையவன் என்று முடிக்கிறான். யாருக்கு மன்னிப்பு? நிர்ப்பந்தித்தவனுக்கா? இல்லை, நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்களுக்கே என்றுதான் விரிவுரையாளர்கள் விளக்கம் தருகிறார்கள். நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை தன் அடிமைப் பெண்களை அவ்வாறு கட்டாயப்படுத்திய போதுதான் இந்த வசனம் இறங்கியது என ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இந்த வசனத்தில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பாவமே செய்யாதவளுக்கு மன்னிப்பு எதற்கு? உஸ்தாதிடம் கேட்டேன். அவர் கிதாபை மூடிவிட்டுச் சொன்னார்: 'அவளைப் பாவி என்று ஊர் சொல்லுமப்பா. அவளே தன்னைப் பாவி என்று நினைத்துக்கொள்வாள். அதனால்தான் ரப்பு முந்திக்கொண்டு சொல்கிறான்.' அப்போது எனக்கு அது ஒரு விளக்கம் மட்டுமே. அந்தச் சீட்டு வந்த பிறகுதான் புரிந்தது.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் தொழுகைக்காக வீட்டிலிருந்து புறப்பட்ட ஒரு பெண்ணை வழியில் ஒருவன் மடக்கி வன்கொடுமை செய்துவிட்டான். அவர் கூக்குரலிட்டார். முஹாஜிர்கள் சிலர் ஓடிவந்து ஒருவரைப் பிடித்தார்கள். பிடிபட்டவர் குற்றவாளி அல்ல. அவருக்குத் தண்டனை என்ற நிலை வந்தபோது உண்மையான குற்றவாளி எழுந்து தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். நபி (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணிடம், அல்லாஹ் உன்னை மன்னித்துவிட்டான், நீ போகலாம் என்ற கருத்தில் கூறி அனுப்பினார்கள். தவறாகப் பிடிக்கப்பட்டவருக்கும் ஆறுதல் சொன்னார்கள். (திர்மிதீ 1454, அபூதாவூத் 4379)

இந்தச் செய்தியில் இருப்பதைப் போலவே இல்லாததையும் கவனியுங்கள். இருட்டில் ஏன் வெளியே வந்தாய் என்ற கேள்வி இல்லை. இனிமேல் பள்ளிவாசலுக்கு வராதே என்ற உத்தரவு இல்லை. நான்கு சாட்சி கொண்டுவா என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பவில்லை. பதற்றத்தில் ஆளை மாற்றிக் காட்டினாளே என்று அவள் மீது அவதூறு வழக்கும் இல்லை. நம்மூரில் இதே சம்பவம் நடந்தால் முதலில் என்ன கேட்கப்படும் என்பதை நீங்களே நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், அரசுக்குச் சொந்தமான ஓர் அடிமை, ஓர் அடிமைப் பெண்ணைப் பலவந்தப்படுத்தினான். உமர் (ரலி) அவனுக்குக் கசையடி கொடுத்து நாடு கடத்தினார்கள். அந்தப் பெண் நிர்ப்பந்திக்கப்பட்டவள் என்பதால் அவளைத் தண்டிக்கவில்லை. (புகாரி 6949) நிர்ப்பந்திக்கப்பட்ட பெண்ணுக்குத் தண்டனை இல்லை என்று இமாம் புகாரி (ரஹ்) இதற்குத் தனிப் பாடமே அமைத்திருக்கிறார்கள். இமாம் மாலிக், இமாம் ஷாஃபி (ரஹ்) ஆகியோர் ஒரு படி மேலே போய், பலவந்தம் செய்தவன் அந்தப் பெண்ணுக்கு மஹர் தொகையும் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதாவது பறிக்கப்பட்டது அவளுடைய உரிமை, ஈடும் அவளுக்கே. குடும்பத்தின் மானத்துக்கு ஈடு என்று எந்த கிதாபிலும் நான் ஓதவில்லை.

இவ்வளவும் நம் உலமாக்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தச் சீட்டை அடியில் வைத்தேன்.

குனன் போஷ்போரா என்ற காஷ்மீர்க் கிராமங்களின் பெயரை நம் ஏட்டின் நெடுநாள் வாசகர்கள் அறிவார்கள். 1991 பிப்ரவரி 23 இரவு, தேடுதல் வேட்டைக்கு வந்த ராணுவத்தினர் தங்களைக் கூட்டாக வன்கொடுமை செய்ததாக அங்குள்ள பெண்கள் புகார் கூறினார்கள். ராணுவம் மறுத்தது. பிரஸ் கவுன்சில் அனுப்பிய குழு அதைப் பொய்ப் புகார் என்றது. 2011-ல் மாநில மனித உரிமை ஆணையம் மறு விசாரணை கோரியது. ஒருவர்கூட இதற்காகத் தண்டிக்கப்படவில்லை. இதையெல்லாம் நாம் பலமுறை எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். நாம் எழுதாத ஒன்று உண்டு. அந்தக் கிராமத்துப் பெண்களுக்கு அதன் பிறகு வரன் வருவது நின்றுபோனது. அந்த இரவுக்குப் பிறகு பிறந்த, வளர்ந்த பெண்களுக்கும் அதே கதி. அந்த ஊர் என்று தெரிந்தாலே வந்த சம்பந்தம் திரும்பிப் போனது. பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளைகள் ஏளனம் கேட்டார்கள். திரும்பிப் போன மாப்பிள்ளை வீட்டார் யார்? ஏளனம் செய்தவர்கள் யார்? ராணுவமா? அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்! நம்மைப் போலவே கலிமாச் சொன்னவர்கள்!

குற்றவாளி நம்மவனாக இருந்தால்?

இன்னொரு கசப்பையும் விழுங்கியாக வேண்டும். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135-வது வசனம் கட்டளையிடுகிறது. அந்த வசனத்தை நாம் ஓதும் அளவுக்கு நடக்கிறோமா?

ஹேக் நீதிமன்றம் பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமையைச் சித்திரவதைக் குற்றமாக முதன்முதலில் தீர்ப்பளித்தது 1998 நவம்பர் 16-ல். அன்று அந்தக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற ஹாஸிம் டெலிச் என்பவன் செர்பியன் அல்ல, பொஸ்னிய முஸ்லிம். செலெபிச்சி என்ற முகாமின் துணைத் தளபதி. பாதிக்கப்பட்டவர்கள் செர்பியப் பெண்கள். ஒட்டுமொத்தப் போரில் இந்தக் கொடுமை பெருமளவில் யார் மீது, யாரால் நடந்தது என்பதில் சந்தேகம் இல்லை. இரண்டையும் சமமாக வைக்க நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு செர்பியப் பெண்களுக்கு வந்த வலி, ஃபோச்சாவின் பெண்ணுக்கு வந்த வலியிலிருந்து எந்த விதத்தில் வேறு? நான் எத்தனையோ பொஸ்னியக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்தப் பெயரை ஒரு தடவையும் சொன்னதில்லை.

1971-ல் கிழக்கு பாகிஸ்தானில் வங்க முஸ்லிம் பெண்களையும் இந்துப் பெண்களையும் நாசப்படுத்தியது பாகிஸ்தான் ராணுவம். தொழுகை நடத்திய ராணுவம்! இரண்டு லட்சம் பெண்கள் என்று வங்கதேச அரசு சொல்கிறது. எண்ணிக்கையில் கருத்து வேறுபாடு இருக்கிறது, நடந்ததில் இல்லை. உருது பேசிய பீஹாரிக் குடும்பத்துப் பெண்களும் அதே காலத்தில் வங்கக் கும்பல்களால் பாதிக்கப்பட்டார்கள். போர் முடிந்ததும் அந்நாட்டு அரசு பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 'பிராங்கனா' என்று பட்டம் கொடுத்தது. நம் மொழியில் வீராங்கனை. எவ்வளவு உயர்ந்த பட்டம்! ஆனால் பலரைக் குடும்பமே ஏற்கவில்லை. காலப்போக்கில் அந்தப் பட்டமே வசைச் சொல்லாக மாறி, ஊரில் ஏளனமாகக் கூப்பிட உதவியது. அரசு அவர்களை விடுதலைப் போராளிகள் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியது 2015-ல்! அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போயிருப்பார்கள்.

2014 ஆகஸ்டில் இராக்கின் சிஞ்சார் பகுதியில் ஐ.எஸ். கும்பல் யஸீதிப் பெண்களைச் சிறைபிடித்து விற்றது. வாயில் குர்ஆன் வசனத்தோடு விற்றது. அடிமை முறையை மீண்டும் கொண்டுவருவது இஸ்லாத்தில் தடுக்கப்பட்டது என்று அதே ஆண்டு செப்டம்பரில் உலகெங்கும் இருந்து 126 அறிஞர்கள் கையெழுத்திட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதம் நம் ஊர்களில் எத்தனை மிம்பர்களில் வாசிக்கப்பட்டது? 'அவர்கள் முஸ்லிம்களே அல்ல, யூதச் சதி' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டோம். நானும்தான்.

யஸீதிகளின் ஆன்மிகத் தலைவர் செய்ததைக் கேளுங்கள். வேற்று மதத்தாருடன் உறவு என்றாலே சமூகத்திலிருந்து விலக்கி வைப்பது அவர்களது நெடுங்கால வழக்கம். அதை மாற்றி, மீண்டு வரும் பெண்கள் நம் பெண்களே, அவர்களை மரியாதையோடு ஏற்க வேண்டும் என்று அவர் அறிவித்தார். அவர்களுடைய புனிதத் தலமான லாலிஷுக்கு அந்தப் பெண்களை வரவழைத்துச் சடங்கு செய்து வரவேற்றார்கள். அந்த வன்கொடுமையில் பிறந்த குழந்தைகளை மட்டும் ஏற்க மாட்டோம் என்று 2019-ல் சொல்லிவிட்டார்கள். அது வேறு துயரம். என்றாலும், ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் முதிய மதகுரு தன் மக்களின் வழக்கத்தையே மாற்றினார். நம்மிடம் மாற்ற வேண்டிய சட்டம்கூட இல்லை. நம் சட்டம் முதலிலிருந்தே அவள் பக்கம் இருக்கிறது.

பயான்களில் நாம் விரும்பிச் சொல்லும் ஒரு வரலாறு உண்டு. ரோமர்களிடம் சிறைப்பட்ட முஸ்லிம் பெண் ஒருத்தி 'வா முஃதஸிமா!' என்று கலீஃபாவின் பெயரைச் சொல்லிக் கதறினாள், அது கேட்டு கலீஃபா முஃதஸிம் படை திரட்டிச் சென்று ஹிஜ்ரி 223-ல் அம்மூரிய்யா கோட்டையைத் தகர்த்தார் என்பது அந்த வரலாறு. சொல்லும்போது தொண்டை அடைக்கும். கேட்பவர்கள் கண் சிவக்கும். அந்தப் பெண் என்ன ஆனாள்? விடுதலையாகி ஊருக்குப் போனாளே, அங்கே வாசலில் யார் நின்றார்கள்? உட்காரச் சொன்னார்களா, தண்ணீர் கொடுத்தார்களா? எந்தப் பயானிலும் நான் கேட்டதில்லை. இருபது ஆண்டுகளாக அந்த வரலாற்றைச் சொல்லி வரும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதும் இல்லை. கோட்டை விழுந்ததும் நமக்குக் கதை முடிந்துவிடுகிறது.

ஃபோச்சாவில் அலாஜா மஸ்ஜித் என்று ஒரு பள்ளிவாசல் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டின் உஸ்மானியக் கட்டடம். வண்ணப் பள்ளி என்று பொருள். 1992-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். புதைந்து கிடந்த பழைய கற்களைத் தேடி எடுத்து, துருக்கியின் உதவியோடு மீண்டும் கட்டி, 2019 மே 4-ல் திறந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்! அந்தப் படங்களைப் பார்த்து நாமெல்லாம் மகிழ்ந்தோம். அதே ஊரின் பார்டிசான் அரங்கின் முன்னால், இங்கே எங்களுக்கு நடந்தது இது என்று ஒரு பலகை வைக்க 2004-ல் பெண்கள் வந்தார்கள். செர்பியர்கள் கூட்டமாகத் திரண்டு தடுத்துவிட்டார்கள். பள்ளிவாசலுக்குக் கல் சுமக்க உலகமே வந்தது. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க எத்தனை பேர் வந்தோம்?

போரில் வன்கொடுமைக்கு ஆளான பெண்களைப் போரால் பாதிக்கப்பட்டவர்களாகவே ஏற்று மாத உதவித்தொகை கொடுக்க, பொஸ்னியக் கூட்டமைப்புக்கு 2006 வரை ஆனது. அந்தக் கொடுமையில் பிறந்த பிள்ளைகளைச் சட்டம் கண்டுகொண்டது 2023-ல். அப்பன் பெயர் என்ன என்று படிவம்தோறும் கேட்கப்பட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். பெரியவர்களான பின் தாங்களே சங்கம் அமைத்து, நாங்கள் மறைக்கப்பட வேண்டியவர்கள் அல்ல என்று பேசியதால் வந்த சட்டம். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்று ஓதும் சமுதாயத்தில் இவ்வளவு தாமதம்!

சரி, இங்கே தமிழகத்தில் என்ன போர் நடக்கிறது, இதையெல்லாம் ஏன் எழுதுகிறாய் என்று சிலர் கேட்கலாம். நம் மஹல்லாவில் ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? முத்தவல்லியிடமா? பதினோரு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் நிர்வாகக் குழுவிடமா? ருவாண்டா இனப்படுகொலை வழக்கில் ஒரு மேயர் மீது வைத்த குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை என்ற வார்த்தையே முதலில் இல்லை. வேறு விஷயம் சொல்ல வந்த ஒரு சாட்சிப் பெண் இடையில் அதைச் சொன்னார். நீதிபதிகள் விடாமல் கேட்டார்கள். அந்த மூவரில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண் நவநீதம் பிள்ளை. பிறகு குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டு, 1998 செப்டம்பர் 2-ல் அது இன அழிப்பின் ஒரு பகுதியே என்று தீர்ப்பு வந்தது. ஃபோச்சா வழக்கின் தலைமை நீதிபதியும் ஜாம்பியா நாட்டுப் பெண்மணி. கேட்பதற்கு ஆள் இருக்கும் இடத்தில்தான் வாய் திறக்கிறது.

ஒவ்வொரு ஜமாஅத்திலும் மார்க்கம் தெரிந்த பெண்கள் இரண்டு பேரையாவது இதற்கென்று அமர்த்த வேண்டும் என்று எங்கள் மாவட்டக் கூட்டத்தில் முன்மொழிந்தேன். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்திலும் முன்மொழிவேன். இன்னொன்று, பாதிக்கப்பட்ட பெண்ணைப் பற்றித் தெருவில் கதை பேசுகிறவர்கள் அந்நூரின் 4-வது வசனத்தைப் படிக்கட்டும். பத்தினிப் பெண் மீது அவதூறு சொல்பவனுக்கு எண்பது கசையடி என்பது அவர்களைப் பற்றித்தான்.

இனி அந்தச் சீட்டு. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, 'இதை மகன்கிட்ட கேட்டீங்களா?' என்றார். மகனுக்கு வயது 22. இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, 'அத்தா, நான் கட்டிக்குவேனான்னு கேக்குறீங்க. அந்தப் பொண்ணு என்னைக் கட்டிக்கச் சம்மதிக்குமான்னு யாருமே கேக்கலையே?' என்றான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை நாள் நான் தேடிக்கொண்டிருந்த பதிலிலும் அவளை ஏற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நிக்காஹுக்குப் பெண்ணின் சம்மதம் கேட்பதை ஆயிரம் தடவை மேடையில் சொன்னவன் நான்!

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் அதே ஊரில் சீரத் கூட்டம். சீட்டு எழுதிய சகோதரி யார் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் மாட்டேன். கேள்வி பதில் நேரத்தில் முதலில் எடுக்கப்போவது அந்த நோட்டுத் தாளைத்தான். மகனையும் அழைத்துப் போகிறேன்.